ராமேஸ்வரம் ரோட்டில் ஓடும் காருக்கு முன் கண்ணாடி பிலிம் தேவையா?

உச்சிப்புளிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, புதுசாக எஸ்யூவி எடுத்திருக்கிறேன். வேலைக்கு தினமும் ராமேஸ்வரம் போய் வரணும். விருந்தாளி வந்தால் தனுஷ்கோடிக்கும் ஓட்டம்தான். பழைய கார் முன் கண்ணாடி முழுக்கப் பொடிப் பொடியாகக் குழி விழுந்து, ராத்திரி எதிர் வண்டி லைட் பட்டால் ரோடே தெரியாமல் போய்விட்டது. பெயிண்டைக் காக்கும் பிபிஎஃப் பிலிம் ஒட்டும் கடையில், கண்ணாடிக்கும் அதையே ஒட்டிவிடலாம் என்கிறார்கள். ஒட்டலாமா? போலீஸ் பிடிக்குமா? கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிற மாடல்."

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெயிண்டுக்கு ஒட்டும் பிபிஎஃப்பைக் கண்ணாடியில் ஒட்டவே ஒட்டாதீர்கள். கண்ணாடிக்கென்றே செய்த பிலிம் தனியாக இருக்கிறது, அது நல்ல பொருள்தான். ஆனால் நம் கடற்கரையில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு அது தேவையில்லை. வைப்பர் ரப்பருக்கும் நல்ல தண்ணீருக்கும் அந்தக் காசில் கால்வாசி செலவழித்தாலே கண்ணாடி நன்றாக இருக்கும். உங்கள் கார் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய வகை. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். நான் ராமநாதபுரத்தில் கார் கண்ணாடி மாற்றும் தொழிலில் இருப்பவன், கழற்றி வைக்கும் கண்ணாடிகளைப் பார்த்துப் பழகியதில் தெரிந்ததுதான் இதெல்லாம்.

உள்ளூர் டிப்பரிலிருந்து தெறிக்கும் சல்லி, மதுரை ரோட்டில் லாரி டயர் வாரியடிக்கும் கல் என்று எல்லோரும் கல்லைத்தான் பயப்படுகிறார்கள். கல் விழுவது உண்மை. ஆனால் கல் ஒரே இடத்தில் ஒரு தடவை அடிக்கும், அடித்தது உடனே தெரியும். நம் பக்கத்துக் கண்ணாடி கெடுவது பெரும்பாலும் கல்லால் இல்லை. மணலால்.

பாம்பன் தாண்டி தனுஷ்கோடி ரோட்டில் கச்சான் என்று நாம் சொல்லும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் போயிருப்பீர்கள். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை காற்று ஓயாது. முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் ரோட்டின் மேல் மணல் பாம்பு மாதிரி நெளிந்து குறுக்கே ஓடும். அந்த மணலுக்குள் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கம். அதாவது மணல் கண்ணாடியைக் கீறும், கண்ணாடி மணலைக் கீறாது. நீங்கள் 80-இல் போகும்போது எதிரில் வரும் துகள் ஒவ்வொன்றும் ஊசி முனை அளவுக்கு ஒரு குழி போட்டுவிட்டுப் போகும். அடியின் வலு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-இல் விழும் அடியை விட 80-இல் விழும் அடிக்குக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு வலு. தனுஷ்கோடி கடைசியில் இருக்கும் அரிச்சல்முனை ரோட்டில் காற்று வீசும் நாளில் வேகத்தைக் குறைத்தால் எந்த பிலிமும் தராத பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கும்.

இதோடு உப்பு சேர்கிறது. உப்பால் கண்ணாடியில் கீறல் விழாது, உப்பு கண்ணாடியை விட ரொம்ப மெது. ஆனால் அது செய்யும் வேலை வேறு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். ராத்திரியிலும் விடிகாலையிலும் மண்டபம், பாம்பன் பக்கம் காற்றில் அவ்வளவு ஈரம் சாதாரணமாக இருக்கும். காலையில் வண்டியைத் தொட்டுப் பாருங்கள், கண்ணாடி பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பில் மணலும் தூசும் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் வண்டியில் ஏறி, கண்ணாடி மங்கலாக இருக்கிறதே என்று வைப்பரை ஒரு தட்டுத் தட்டுகிறீர்கள். மணலை உப்பில் குழைத்து ரப்பரால் கண்ணாடி மேல் அரைத்தது போலத்தான் அது. பழைய கண்ணாடியைக் கழற்றி வெயிலில் சாய்த்து வைத்தால் டிரைவர் பக்கத்தில் வைப்பர் போன வழி வில் வில்லாகத் தெரியும். குழிகள் கண்ணாடி முழுக்க இருக்கும், கீறல் மட்டும் வைப்பர் பாதையில். ரெண்டும் சேர்ந்துதான் ராத்திரியில் எதிர் லைட்டைச் சிதறடிக்கிறது.

உங்கள் ஓட்டத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காலையில் கிழக்கே போகிறீர்கள், சாயங்காலம் மேற்கே திரும்புகிறீர்கள். ரெண்டு வேளையும் சூரியன் முகத்துக்கு நேரே. குழி விழுந்த கண்ணாடியில் அந்தச் சாய்ந்த வெயில் பட்டால் பாம்பன் பாலத்தில் முன்னால் பைக் போவதே தெரியாது. அதனால் உங்கள் கவலை நியாயமான கவலை.

சரி, பிலிமுக்கு வருவோம்.

பெயிண்டுக்கு ஒட்டும் பிபிஎஃப் என்பது டிபியு என்ற ரப்பர் மாதிரி இழுபடும் பிளாஸ்டிக். சுமார் 200 மைக்ரான் தடிமன். பானட்டின் மேல் கல் பட்டால் அமுங்கி விரிந்து அடியை வாங்கிக்கொள்ளும், அதற்காகவே மென்மையாகச் செய்தது. பானட்டின் வழியாக யாரும் ரோட்டைப் பார்ப்பதில்லை. ஆனால் அதே பொருளைக் கண்ணாடியில் ஒட்டினால், மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய அலை கண்ணில் தட்டுப்படும். எதிர் லைட்டுக்குக் கால் முளைத்தது போல் ஒளிக்கோடு நீளும், தூரத்து போர்டு எழுத்து லேசாக நடுங்கும். மென்மையான பிளாஸ்டிக் என்பதால் வைப்பர் கொஞ்ச நாளிலேயே அதை மங்கடித்துவிடும். இதைச் சொல்லாமல் கண்ணாடிக்கும் ஒட்டித் தருகிறேன் என்கிற கடைக்கு பெயிண்டு வேலைக்கும் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

முன் கண்ணாடிக்கென்று செய்தவை பெரும்பாலும் பாலியெஸ்டர் பிலிம். சுமார் 100 மைக்ரான், மேலே கடினமான பூச்சு, பார்வை கலங்காதபடி செய்தது. கண்ணாடிக்கென்றே தனியாகச் செய்த டிபியு பிலிமும் இப்போது வருகிறது. அது பெயிண்டு பிலிம் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "இது முன் கண்ணாடியின் வெளிப்பக்கத்துக்கு என்று கம்பெனியே சொல்லி விற்கிறதா, பெட்டியைக் காட்டுங்கள்" என்பதுதான்.

இது என்ன செய்யும்? பொடி மணல், சின்னச் சல்லி, பூச்சி, உப்பு எல்லாவற்றையும் தான் வாங்கிக்கொள்ளும், கீழே கம்பெனிக் கண்ணாடி புதிதாகவே இருக்கும். சின்னக் கல் பட்டு விழும் நட்சத்திரப் புள்ளி குறையும். என்ன செய்யாது? கோலிக்குண்டு அளவுக் கல் வேகமாக வந்து அடித்தால் பிலிமோடு சேர்ந்து கண்ணாடியும் விரிசல் விடும். ஏற்கெனவே விழுந்த விரிசலை அது நிறுத்தாது. முன் கண்ணாடி ஏற்கெனவே ரெண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து அழுத்திச் செய்தது. உடைந்தாலும் முகத்தில் கொட்டாமல் பிடித்துக்கொள்வது அந்த நடுப் படலம். அதனால் பாதுகாப்புக்காக பிலிம் ஒட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு.

இப்போது நம் ஊருக்கான சிக்கல். பூச்சு எவ்வளவு கடினமாக இருந்தாலும் பிலிம் கண்ணாடியை விட மெதுதான். கண்ணாடியையே கீறும் மணல் பிலிமை விடுமா? வைப்பர் பாதையில்தான் முதலில் தேயும். கம்பெனிக்காரர்கள் சொல்லும் ஆயுள் நல்ல ரோடு, நல்ல தண்ணீர், நல்ல வைப்பருக்கு. தினமும் பாம்பன் தாண்டும் வண்டிக்கு ஒரு வருடம் தாங்கினால் திருப்தி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஓடினால் லாபம். தேய்ந்த பிலிமோடு ஓட்டுவது குழி விழுந்த கண்ணாடியோடு ஓட்டுவதை விட மோசம். எனவே இதை ஒரு முறைச் செலவாக எண்ண வேண்டாம். டயர் மாதிரி, தேயத் தேய மாற்ற வேண்டிய சாமான்.

அப்போது யாருக்குத்தான் இது கட்டுப்படியாகும்? உங்கள் வண்டியின் கம்பெனிக் கண்ணாடி என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அதோடு, கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்பச் சரிசெய்யும் கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள். இதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். லேன் பார்க்கும், தானாக பிரேக் பிடிக்கும் வண்டிகளில் கேமரா கண்ணாடி வழியாகத்தான் ரோட்டைப் பார்க்கிறது. புதுக் கண்ணாடி போட்டால் அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். இந்த ரெண்டையும் கூட்டினால் வரும் தொகையின் பக்கத்தில் பிலிமின் விலையை வையுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தால், தினமும் தீவுக்குள் ஓடும் வண்டிக்கு ஒட்டலாம். சாதாரண சின்னக் காருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் நிற்காது, நேராகக் கண்ணாடியையே மாற்றிக்கொள்ளலாம். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் வரை மட்டும் ஓடும் குடும்பக் காருக்கு நான் பிலிம் சொல்லவே மாட்டேன்.

இன்சூரன்ஸையும் கணக்கில் சேருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் கண்ணாடிக்கு எதுவும் கிடைக்காது. முழுப் பாலிசி இருந்தால் கல் பட்டு உடைந்த கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்கமாட்டார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பது போல் கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. கட்டாயப் பிடித்தம் 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். ஆனால் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும், அதைக் காக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் தவிர. அடிபட்டு உடைந்ததற்குத்தான் இது. மணலில் மெல்ல மெல்லத் தேய்ந்த கண்ணாடி அடிபட்ட கணக்கில் சேராது, அதற்கு இன்சூரன்ஸ் வராது. நம் கடற்கரைக்காரர்களுக்கு இடிப்பது இந்த இடம்தான்.

போலீஸ் விஷயம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆம் விதி, முன் பின் கண்ணாடிகள் வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடிகள் வழியாக 50 சதவீதமும் வர வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த சதவீதமானாலும் கறுப்பு பிலிமோ வேறு எந்தப் பொருளுமோ கண்ணாடி மேல் ஒட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. "வேறு எந்தப் பொருளும்" என்ற சொற்களைக் கவனியுங்கள். பிலிம் நிறமே இல்லாமல் பளிங்காக இருந்தாலும் அந்தச் சொற்களுக்குள் வந்துவிடும் என்று ஒரு அதிகாரி சொன்னால் அவர் சொல்வதில் தவறில்லை. பிறகு விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் 1 முதல், பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடியும் ஏற்கப்பட்டது. அந்தத் திருத்தத்தை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், விதி சொல்லும் வெளிச்ச அளவுக்குள் இருக்கும் பிலிமுக்கு அபராதம் போடக்கூடாது என்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டி இங்கே வாதாடலாம், ஆனால் அது தமிழ்நாட்டுக்குக் கட்டாயம் இல்லை. என் அறிவுரை: துளியும் நிறம் சேர்ந்த எதையும் முன் கண்ணாடியில் ஒட்டாதீர்கள், "லேசான டின்ட்தான்" என்றாலும் வேண்டாம். நிறமில்லாத பிலிம் ஒட்டினால் அதன் வெளிச்ச அளவு எழுதிய தாளையும் பில்லையும் வண்டியில் வையுங்கள். எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டியிருக்கலாம் என்ற மனநிலையோடு ஒட்டுங்கள்.

ஒட்டுவதாக முடிவானால், ஒட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. முன் கண்ணாடி வளைந்தது, பிலிம் தட்டையான தகடு. அதைக் கண்ணாடியின் வெளிப்பக்கமே விரித்து, சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் காட்டிக் காட்டிச் சுருங்க வைத்துத்தான் வளைவுக்குக் கொண்டுவருவார்கள். துப்பாக்கி ஒரே இடத்தில் நிற்கக்கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சூடு ஒரு இடத்தில் குவிந்தால் கண்ணாடி விரிசல் விடும், ஏற்கெனவே சின்னப் புள்ளி இருந்தால் அங்கிருந்து கோடு ஓடும். அதனால் பழைய புள்ளிகள் இருந்தால் முதலில் பிசின் ஏற்றி அடைத்துவிட்டு அப்புறம்தான் பிலிம். வாசல் திறந்த ஷெட்டில் கடல் காற்று அடிக்கும்போது ஒட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே மாட்டும் ஒவ்வொரு மணலும் ஒரு கொப்புளம். மூடிய அறை, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசு அடங்கிய இடம் வேண்டும். கழுவவும் ஒட்டவும் போர்வெல் தண்ணீரே கூடாது, சுத்திகரித்த தண்ணீர் கேளுங்கள். நம் போர்வெல்லின் உப்பு பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உலர்ந்தால் வெள்ளைத் திட்டாக அங்கேயே தங்கிவிடும்.

ஓரத்தைக் குனிந்து பாருங்கள். கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பட்டை ஓடும், பிலிமின் விளிம்பு அந்தப் பட்டையின் மேல் முடிய வேண்டும். ரப்பர் பீடிங்கில் முட்டாமல் ஒரு நூல் இடைவெளி இருக்க வேண்டும். முட்டினால் விளிம்பு தூக்கும், தூக்கிய இடத்தில் உப்பும் மணலும் புகும், அப்புறம் உரித்துப் போடுவதுதான் வழி. விளிம்பை வண்டியின் கண்ணாடி மேலேயே பிளேடு வைத்து வெட்டுகிறவர் கை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் பாருங்கள். கேமராவும் மழை சென்சாரும் இருக்கும் இடத்தைப் பற்றி ஒட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கேமரா பார்க்கும் பகுதியில் பிலிமின் விளிம்பு குறுக்கே வரவே கூடாது, அந்த இடத்தைத் தாராளமாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். உங்கள் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒட்டுவது நல்லது.

ஒட்டிய பிறகு ரெண்டு நாள் வைப்பரைத் தொடாதீர்கள். வைப்பர் ரப்பரைப் புதிதாக மாற்றாமல் பிலிமை ஒட்டினால் காசைக் கடலில் போட்டதாகத்தான் அர்த்தம், பழைய ரப்பரில் புதைந்திருக்கும் மணல் முதல் மழையிலேயே கோடு போட்டுவிடும்.

பிலிம் ஒட்டாதவர்களுக்கும் ஒட்டியவர்களுக்கும் பொதுவாகச் சிலது. காலையில் வைப்பரைத் தட்டுவதற்கு முன் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரைக் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து ஊற்றிவிடுங்கள். உப்பு கரைந்து மணலையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும், அதற்கப்புறம் வைப்பர் போடுங்கள். வைப்பர் ரப்பரையும் ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள், துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால் அடுத்த நாள் நீங்களே செய்வீர்கள். வைப்பர் தண்ணீர்த் தொட்டியில் போர்வெல் தண்ணீர் வேண்டாம், முனை அடைத்துக்கொள்ளும். அரிச்சல்முனையில் கச்சான் காலத்தில் வண்டியைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள், கண்ணாடி பிழைக்கும். ரப்பரை ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, கோடை முடிந்து ஒரு தடவை என்று மாற்றுங்கள். நம் வெயில் ரப்பரை வறட்டிவிடும், பார்த்தால் நன்றாக இருப்பது போலவே இருக்கும்.

கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படிந்திருந்தால் தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்து ஊறவைத்துத் துடைக்கலாம், பெயிண்டில் வழியவிடாதீர்கள். லேசான மங்கலை சீரியம் ஆக்சைடு போட்டு பாலிஷ் செய்து எடுக்க முடியும். நகத்தில் தட்டுப்படும் கீறலை அப்படி எடுக்கப் போனால் அந்த இடம் பள்ளமாகிப் பார்வை வளையும், அதற்கு சம்மதிக்காதீர்கள். கல் புள்ளி விழுந்தால் அன்றைக்கே அதன் மேல் ஒரு துண்டு ஒட்டும் டேப்பைப் போட்டு மூடிவிட்டு, அழுக்கும் உப்புத் தண்ணீரும் இறங்குவதற்குள் பிசின் ஏற்ற வாருங்கள். டிரைவர் கண்ணுக்கு நேரே விழுந்த புள்ளியை அடைத்தாலும் தழும்பு தெரியும், அங்கே கண்ணாடியை மாற்றுவதுதான் நல்லது.

தம்பி, உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இது. கேமரா உள்ள கண்ணாடி, தினமும் தீவுக்குள் ஓட்டம், கண்ணாடி இன்னும் புதுசு. மூன்றும் சேர்ந்ததால் விலைக் கணக்கு நின்றால் ஒட்டுங்கள். ஆனால் இப்போதே வேண்டாம், காற்றுக் காலமும் மழையும் ஓயட்டும். தை, மாசியில் காற்று தணிந்து வெயிலும் கடுமை ஏறாமல் இருக்கும்போது ஒட்டினால் பசை நன்றாகப் பிடிக்கும். அதுவரைக்கும் பாட்டில் தண்ணீரும் புது ரப்பரும் போதும். ஒட்டும் அன்று, பிலிமின் பெயர், எந்த வகை, எத்தனை மாத உத்தரவாதம், வைப்பர் கீறலுக்கு அது பொருந்துமா பொருந்தாதா, எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தையாக விட்டுவிடாதீர்கள்.